பூட்டில்லாத கட்டுரை

ஜனவரி 11

பாப்பாவுக்குப் பெரியப்பா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா எழுதுவது.

இருக்கிறேன். முழங்கால் மட்டும் எனக்கு முன்னாலேயே ஓய்வு வாங்கிக்கொண்டது. போனில் பேசலாமே என்று கேட்டிருந்தாய். போனில் நீ கேள்வி மேல் கேள்வி கேட்கிறாய், நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விடுகிறது. காகிதம் என்றால் மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்பேன். மூன்று தரம் காதில் விழுந்தது எதுவும் என்னைவிட்டுப் போனதில்லை.

போன மாதம் வந்தபோது என் அளவுகோல்களையெல்லாம் தரையில் பரப்பிப் படம் எடுத்தாய். பதினேழு கோல், வருஷத்துக்கு ஒன்று, எல்லாம் இரண்டு முழம், அதாவது நாற்பத்தெட்டு விரற்கடை. ஊருக்கு மேலே மேட்டில் விழுந்த விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பி, அந்தப் பக்கம் ஒரு கம்பி. முதல் நாள் நட்டபோது நடுவில் ஒரு சாண், பன்னிரண்டு விரற்கடை. முதல் ஏழு வருஷம், வருஷத்துக்கு ஒரு விரற்கடை விலகியது. அடுத்த ஆறு வருஷம் ஒன்றரை. கடைசி நாலு வருஷம் இரண்டு, மூன்று, மூன்று, நாலு. கோலில் வெட்டு இருக்கிறது. இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

"இதை வச்சு ஒரு கட்டுரை எழுதட்டுமா பெரியப்பா?" என்று கேட்டாய். அன்றைக்கு நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். உன்மேல் கோபம் இல்லை. தொப்பிக்காரர் ஞாபகம் வந்துவிட்டது.

நான் நில ஆய்வு ஆபீஸில் கம்பி சுமந்த காலத்தில் தொப்பி போட்ட பேராசிரியர் ஒருவர் வருவார். கீழ்த்தெருவுக்கு மேலே இருந்த சரிவை அளந்ததெல்லாம் நான்தான். அவர் கேட்பார், நான் சொல்வேன், அவர் எழுதிக்கொள்வார். நல்ல மனுஷன், டீ வாங்கித் தருவார். பிறகு ஒரு மழையில் மண் சரிந்து கீழ்த்தெரு போனது. பதினொரு வீடு. உன் அப்பன் போனான். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நீ வளர்ந்து, படிக்கப் போன ஊரின் நூலகத்திலிருந்து போன் பண்ணினாய். "பெரியப்பா, ஒன்பதாம் பக்கத்துல இருக்கு. அடுத்த பெருமழைக்குக் கீழ்த்தெரு தாங்காதுன்னு எழுதியிருக்கார். அப்பா போறதுக்கு நாலு மாசம் முன்னாடி வந்த இதழ்." எங்கள் ஆபீஸ் அந்த இதழுக்குச் சந்தா கட்டவில்லை. காசு கட்டினவனுக்குத்தான் திறக்கும் என்று நீ சொன்னாய். அவர் எழுதினதால் சொல்லியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கேட்க வேண்டியவன் வெளியே நின்றான்.

அதனால் எழுது. என் கோல், என் ஞாபகம், எல்லாம் எடுத்துக்கொள். ஆனால் பூட்டுப் போடாத இடத்தில் போட வேண்டும். மேட்டில் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டப் போகிறார்களாம், எல்லைக்கல் நட்டுவிட்டார்கள். விரிசலுக்கு நேர் மேலே. கீழே எண்பத்து மூன்று வீடு. இதில் எவன் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் திறந்து படிக்கிற மாதிரி இருந்தால் எழுது. இல்லையென்றால் கோல்கள் அடுப்புக்கு ஆகும்.

தையல்காரம்மா கடைசி வரியை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது என்றேன்.

—

ஜனவரி 30

பெரியப்பா,

கோலை அடுப்பில் வைத்தீர்களானால் அங்கேயே வந்து உங்களோடு சண்டை போடுவேன். நிபந்தனைக்குச் சம்மதம். நீங்கள் கேட்காவிட்டாலும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் பூட்டில்லாத இடம் கிடைப்பது நீங்கள் நினைக்கிற மாதிரி சுலபமில்லை. எங்கள் துறையில் எல்லோரும் மதிக்கும் பெரிய இதழ் ஒன்று இருக்கிறது. பூட்டிப் போடுவதென்றால் நம்மிடம் காசு எதுவும் கேட்க மாட்டார்கள். படிக்கிறவன் தலையில் கட்டுவார்கள். திறந்து போடுவதென்றால் எழுதினவர் கட்ட வேண்டும். என்னுடைய எட்டு மாதச் சம்பளம் அது. வசதியில்லாத நாட்டுக்காரர்களுக்குத் தள்ளுபடி உண்டு என்று போட்டிருந்தார்கள். கேட்டேன். நான் வேலை செய்கிற நாடு அந்தப் பட்டியலில் இல்லையாம். கட்டுரை எந்த மண்ணைப் பற்றியது, அதில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. எழுதுகிறவளின் நாற்காலி எங்கே கிடக்கிறது என்பதுதான் கணக்கு.

இன்னொரு இதழ் இருக்கிறது. நாலைந்து ஆய்வாளர்கள் சேர்ந்து தங்கள் சொந்த நேரத்தில் நடத்துகிறார்கள். எழுதுகிறவருக்கும் செலவில்லை, படிக்கிறவருக்கும் செலவில்லை. உண்மையான மதிப்பீடு. இரண்டு பேர் வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த இதழ். ஆனால் வரிசை நீளம். ஒரு வருஷம் ஆகலாம்.

மூன்றாவதாக, திறந்த காப்பகம் என்று ஒன்று. நாளைக்கே போடலாம், உலகமே படிக்கலாம். ஆனால் யாரும் சரிபார்க்காதது என்று மேலேயே எழுதியிருக்கும்.

இரண்டாவதுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். உங்கள் பெயரும் என் பெயருக்குப் பக்கத்தில் வரும். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பதினேழு வருஷம் மழையில் நின்றது நான் இல்லை.

முழங்காலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். தையல்காரம்மாவிடம் கொடுக்காமல் நீங்களே தேயுங்கள். அவர் எல்லாவற்றையும் அளவு எடுத்துத்தான் கொடுப்பார்.

—

பிப்ரவரி 16

பாப்பாவுக்குப் பெரியப்பா.

மருந்து வந்தது. தையல்காரம்மா உன்னை நினைவு வைத்துக்கொள்கிறாளாம்.

ஒரு வருஷம் என்று எழுதியிருந்தாய். இங்கே அவ்வளவு நாள் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு ஏப்ரல் இருபதாம் தேதி கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். தையல்காரம்மாவை நிறுத்தி முழுதும் படிக்கச் சொன்னேன். ஏழாவது வரி: நிபுணர்களால் மதிப்பிடப்பட்டு, அச்சில் வெளியான ஆய்வுகள் மட்டுமே ஆதாரமாக ஏற்கப்படும். நீ சொன்ன காப்பகம் இதில் நிற்காது.

ஒரு கோலை எடுத்துக்கொண்டு தொட்டி வேலையைப் பார்க்கிற என்ஜினியரைப் பார்க்கப் போனேன். வெயிலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கூப்பிட்டார், கோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பெரியவரே, இது என்ன, மாடு மேய்க்கவா?"

"விரிசல் அளந்தது சார். பதினேழு வருஷம்."

"இந்தக் குச்சியெல்லாம் கூட்டத்துக்குக் கொண்டுவராதீங்க. அச்சுல வந்திருந்தா கொண்டுவாங்க, பார்க்கிறேன். சட்டம் அப்படி."

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. அச்சில் வந்தால் பார்க்கிறேன் என்றவர் அச்சில் வந்தால் பார்ப்பார்.

ஒன்பது வாரம் இருக்கிறது. பூட்டில்லாமல் வேண்டும், மதிப்பிட்டதாகவும் வேண்டும், ஏப்ரலுக்குள்ளும் வேண்டும். நீ இத்தனை படித்தவள். ஒரு வழி இல்லாமலா போகும்? எப்படியாவது பார்.

இந்தக் கடிதம் சின்னது. கோலைத் தூக்கிக்கொண்டு நடந்ததில் முழங்கால் வீங்கிக் கிடக்கிறது.

—

மார்ச் 14

பெரியப்பா,

வந்துவிட்டது. அச்சிட்ட பிரதி மூன்று இதோடு வைத்திருக்கிறேன். நில அறிவியல் இதழ். யார் வேண்டுமானாலும் செலவில்லாமல் திறக்கலாம். மதிப்பீட்டுக்கு நாலே நாள்தான் எடுத்தார்கள். மதிப்பிடப்பட்டது என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது, என்ஜினியரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

கட்டுரை ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழில் சுருக்கம் எழுதி வைத்திருக்கிறேன். தையல்காரம்மாவை மூன்று தரம் படிக்கச் சொல்லுங்கள்.

விவரமெல்லாம் பிறகு எழுதுகிறேன். இங்கே வேலை அதிகம்.

—

ஏப்ரல் 22

பாப்பாவுக்கு.

கூட்டம் நடந்தது. நடந்தது நடந்தபடி சொல்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பள்ளிக்கூட மண்டபம். நூற்றிருபது நாற்காலி, எல்லாம் நிரம்பி ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். மளிகைக்கடைக்காரர் எனக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார். உன் கட்டுரையைக் கூட்டத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தொட்டி கட்டுகிறவர்களின் ஆலோசகரிடம் நீட்டினார். சின்ன வயதுக்காரர், இஸ்திரி போட்ட சட்டை. அவர் அதைப் படிக்கவே இல்லை. இதழின் பெயரை மட்டும் பார்த்தார். கம்ப்யூட்டரைத் திறந்து சுவரில் படம் விழச் செய்தார்.

"இது அதே மாத இதழ். பெரியவரோட கட்டுரைக்கு அடுத்த கட்டுரை, கோழித் தீவனம். அதுக்கு அடுத்தது பல் சொத்தை. இது நில அறிவியல் இதழ்னு சொல்றாங்க." மண்டபம் சிரித்தது. "யார் எதை அனுப்பினாலும், பணம் கட்டினா இவங்க போட்டுடுவாங்க. யாரும் படிச்சுப் பார்க்கிறதில்லை. இதுக்கு மதிப்பீடுன்னு பேர் வைக்கக் கூடாது."

பிறகு முதல் பக்கத்தைப் பார்த்தார். "இதில டாக்டர்னு ஒருத்தர் இருக்காரே, யாரது?"

நான் கை தூக்கினேன். என் பெயர்தான் என்று தையல்காரம்மா முன்பே சொல்லியிருந்தாள். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருப்பதை அவள் என்னிடம் சொல்லவில்லை. மரியாதைக்கு நீ போட்டிருப்பாய் என்று நினைத்தாளாம்.

"டாக்டர் ஐயா, நீங்க எழுதின முதல் வரியைக் கொஞ்சம் படிங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாது."

அவர் கேலியாகக் கேட்கவில்லை பாப்பா. அவர் நிஜமாகவே நான் படித்தவன் என்று நினைத்துத்தான் கேட்டார். நான் சொன்னதும் அவருக்கே முகம் சுருங்கிப்போனது. ஆனால் பின்வரிசையில் ஒருவன் விசில் அடித்தான்.

"படிக்கத் தெரியாது. அளக்கத் தெரியும்" என்று சொல்லி, முதல் வருஷத்திலிருந்து ஆரம்பித்தேன். எந்த மாதம், எத்தனை நாள் மழை, எத்தனை விரற்கடை. ஆறாவது வருஷத்துக்கு வந்தபோது தலைவர் மணியைப் பார்த்தார். "ஞாபகத்தை ஆதாரமா எடுத்துக்க முடியாது பெரியவரே, உட்காருங்க." உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நம் பக்கத்திலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை. தொட்டிக்கு அனுமதி கொடுத்தார்கள்.

வெளியே வந்தபோது மளிகைக்கடைக்காரர் தோளில் தட்டி, "என்ன டாக்டர், எனக்கு ஒரு ஊசி போடுங்களேன்" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது. இப்போது தெருவில் எனக்கு அதுதான் பெயர்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அது எப்படிப்பட்ட இதழ் என்று தெரிந்து போட்டாயா, தெரியாமல் போட்டாயா? ஒரு வார்த்தையில் பதில் போதும்.

—

மே 30

பெரியப்பா,

தெரிந்து.

ஒரு வார்த்தை போதும் என்றீர்கள். ஐந்து வாரமாக அந்த ஒரு வார்த்தையைத்தான் எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். மீதியையும் கேட்டுவிடுங்கள். மூன்று தரம் வேண்டாம், ஒரு தரம் போதும்.

உங்கள் பிப்ரவரிக் கடிதம் வந்த அன்று எனக்குத் தெரிந்த வேறு ஏழு இதழ்களுக்கு எழுதினேன். எல்லோரும் ஐந்து மாதம், எட்டு மாதம் என்றார்கள். அப்போது இந்த இதழிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்து கிடந்தது. இப்படி வாரத்துக்குப் பத்து வரும், படிக்காமலே அழித்துவிடுவேன். அன்றைக்கு அழிக்கவில்லை. புது இதழ்தானே, ஒருவேளை நல்லவர்களாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலாம் நாள் மதிப்பீடு வந்தது. ஒரே வரி. மிக நல்ல கட்டுரை, மொழியைச் சற்றுத் திருத்தவும். அவசரத்தில் எழுதியதில் என் இரண்டாவது அட்டவணையில் இரண்டு வருஷங்கள் இடம் மாறியிருந்தன. பன்னிரண்டாம் வருஷத்துக்குப் பிறகு விரிசல் சுருங்கினதாகக் காட்டியது. மலை திரும்பி மேலே ஏறினால்தான் அப்படி வரும். முதலாண்டு மாணவன்கூட அதில் விரலை வைப்பான். அவர்கள் வைக்கவில்லை. யாரும் படிக்கவில்லை என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியும். அட்டவணையை நானே திருத்தினேன், கட்டணத்தைக் கட்டினேன், அனுப்பிவிட்டேன்.

டாக்டர் என்று நான் போடவில்லை. பெயருக்கு முன்னால் உள்ள இடத்தை உங்களுக்குக் காலியாக விட்டேன். அவர்களாக நிரப்பிவிட்டார்கள். கடைசிப் பார்வைக்கு அனுப்பியபோது கண்ணில் பட்டது. திருத்தச் சொன்னால் இன்னும் ஒரு வாரம் என்றார்கள். யார் கவனிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே இருக்கும் ஒவ்வொரு எண்ணும் சரி பெரியப்பா. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. தொப்பிக்காரர் சரியானதை எழுதி யாரும் திறக்க முடியாத இடத்தில் வைத்தார். நான் சரியானதை எழுதி, யாரும் நம்ப முடியாத இடத்தில் வைத்துவிட்டேன்.

திட்டுவதாக இருந்தால் திட்டி எழுதுங்கள்.

—

ஜூலை 20

பெரியப்பா,

மே மாதத்துக்குப் பிறகு இது மூன்றாவது கடிதம். நீங்கள் நலம் என்று தையல்காரம்மா ஒரு வரி அனுப்பினார். உங்களுக்குத் தெரியாமல் அனுப்பினாராம், அவரைக் கோபிக்காதீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று அந்த இதழுக்கு எழுதினேன். திரும்பப் பெறுவதற்கும் கட்டணம் உண்டாம், போட்டதற்குக் கட்டியதைப் போல இரண்டு மடங்கு. கட்டுகிறேன் என்றேன். அதற்குப் பிறகு பதில் இல்லை. கட்டுரை அங்கேயேதான் இருக்கிறது, கோழித் தீவனத்துக்கு முன்னால்.

நான் முதலில் அனுப்ப நினைத்தேனே, அந்த நல்ல இதழ், அவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேட்டேன். ஆசிரியர் ஒரு வயதான அம்மா. ஒரு பக்கம் கையால் எழுதினது போலப் பொறுமையாகப் பதில் எழுதினார். ஒரு முறை வெளியானதை மறுபடி வெளியிட முடியாது, எந்த நேர்மையான இதழும் அதைச் செய்யாது, வருந்துகிறேன் என்றார். உங்கள் பெரியப்பாவின் அளவுகளைப் போல நீண்ட தொடரை இந்த மாதிரி ஒரு சரிவில் நான் பார்த்ததில்லை, நேராக எங்களிடம் வந்திருந்தால் அவசரம் கருதி இரண்டு மாதத்தில் முடித்திருப்பேனே என்றும் எழுதியிருந்தார்.

இரண்டு மாதம், பெரியப்பா. அந்த அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை. ஒரு வருஷம் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

இனி செய்யக்கூடியது ஒன்றுதான். புது அளவுகள். இந்த மழைக்காலம் முழுக்க வாரம் ஒரு தரம் அளந்தால், அது புதிய ஆய்வு. அந்த அம்மா எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். உங்களிடம் இதைக் கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்கிறேன்.

—

ஆகஸ்ட் 28

பாப்பாவுக்குப் பெரியப்பா.

மூன்று மாதம் பேசாமல் இருந்தேன். கோபம் ஒரு மாதம்தான். மீதி இரண்டு மாதம் பிப்ரவரியில் நான் சொன்னதை நினைத்துக்கொண்டிருந்தேன். வழி இல்லாமலா போகும், எப்படியாவது பார் என்றேன். எப்படியாவது என்று சொன்னவனுக்கு எப்படி என்று கேட்க உரிமை இல்லை. அதோடு விடு.

முழங்காலால் மேட்டுக்கு ஏற முக்கால் மணி ஆகிறது. தையல்காரம்மா கூட வருகிறாள், வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே என்னைத் திட்டிக்கொண்டு வருகிறாள். அதை ஒரு நாள் விழுங்கத்தான் போகிறாள்.

எழுதிக்கொள். போன டிசம்பரில் நீ பார்த்தபோது கம்பிக்குக் கம்பி நாற்பது விரற்கடை. ஜூலை கடைசி, நாற்பதரை. ஆகஸ்ட் முதல் வாரம், அதே. இரண்டாம் வாரம், நாற்பத்தொன்று. மூன்றாம் வாரம், நாற்பத்தொன்றரை. நேற்று, நாற்பத்திரண்டு. மழை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

தொட்டி முடிந்துவிட்டது. நீல வண்ணம் அடித்திருக்கிறார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அடுத்த வாரம் தண்ணீர் விடுகிறார்கள். வாரத்துக்குக் கால் பங்காக ஏற்றுவார்களாம். காவல்காரர் என்னை விரட்டவில்லை. "டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துட்டார்" என்று சொல்லி வேலிக் கதவைத் திறந்துவிடுகிறார்.

—

செப்டம்பர் 21

பெரியப்பா,

நீங்கள் அனுப்பும் அளவை வந்த அன்றே திறந்த காப்பகத்தில் போடுகிறேன். பூட்டில்லை, கட்டணம் இல்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பக்கத்தில் எண் காட்டும். இன்று வரை முப்பத்தொன்று. அதில் பத்தொன்பது நான்.

என்ஜினியருக்கும், தலைவருக்கும், அந்த ஆலோசகருக்கும் அனுப்பினேன். முதல் இருவரிடமிருந்து ஒரே பதில், எழுத்துக்கு எழுத்து: மதிப்பிடப்படாத தரவுகளைப் பரிசீலிக்க இயலாது. ஆலோசகர் மட்டும் தனியாக எழுதினார். உங்கள் எண்கள் சரியாக இருக்கலாம் என்று எனக்கும் தோன்றுகிறது, ஆனால் முதல் கட்டுரை எந்த இதழில் வந்தது என்பதை நினைத்து இங்கே யாரும் மேலே படிப்பதில்லை, நான் சொல்லியும் பார்த்தேன் என்று.

மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருக்காமல், இதுவரை வந்த அளவுகளை வைத்தே எழுதிய புதிய கட்டுரை அந்த அம்மாவிடம் இருக்கிறது. இரண்டு மதிப்பீட்டாளர்கள் படிக்கிறார்கள், உண்மையாகவே படிக்கிறார்கள், ஒருவர் பதினான்கு கேள்வி கேட்டிருக்கிறார். நவம்பர் கடைசியில் முடிவு தெரியும்.

நாற்பத்தைந்து என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். இருபது நாளில் மூன்று விரற்கடை. இதை நான் ஆய்வாளராகச் சொல்லவில்லை, அப்பாவை அப்படிக் கொடுத்தவளாகச் சொல்கிறேன். கட்டுரைக்காகக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் இறங்கிவிடுங்கள். எல்லோரையும் இறக்குங்கள்.

—

அக்டோபர் 9

பாப்பாவுக்குப் பெரியப்பா.

இதைப் பள்ளிக்கூட மண்டபத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்கிறேன். தையல்காரம்மா மெஷினையும் பிள்ளைகளையும் கொண்டுவந்து நேற்றே இங்கே போட்டுவிட்டாள். மூன்று மணித் தபாலில் இது போக வேண்டும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாலு நாளாக மழை விடவில்லை. தொட்டி நிரம்பிவிட்டது. காலையில் ஏறினேன். கோல் எட்டவில்லை பாப்பா. இந்தப் பக்கக் கம்பியில் முனையை வைத்து நீட்டினால் மறுமுனை அந்தரத்தில் நிற்கிறது. நாற்பத்தெட்டுக்கு மேல். மேலே எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்று நான் சொல்கிற முதல் அளவு இது, அப்படியே போட்டுக்கொள்.

அங்கிருந்து நேராக வீடு வீடாக இறங்கினேன். எண்பத்து மூன்றில் ஒன்பது வீடு காலி. மீதி ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழையில், மூன்று நாள் கீழே போயிருங்க என்று நான் சொன்னபோது ஒருவர் ஏன் என்று கேட்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு என்னிடம் காகிதம் எதுவும் இல்லை. இன்றைக்கு மளிகைக்கடைக்காரர் கதவைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. "அச்சுல வந்தாச்சா டாக்டர்?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். உள்ளே அவர் பெண்டாட்டி சிரித்தாள். அவர் மகள் எட்டாம் மாசம், பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.

உன்னைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. கட்டுரை வேண்டும் என்று ஆசைப்பட்டது நாம் இரண்டு பேரும்தான். அவர்கள் என் பேச்சை நம்பிக்கொண்டு சும்மாதான் இருந்தார்கள்.

நவம்பரில் அந்த அம்மா சரி என்று சொன்னால் போடு. திறந்து போடு. வேறு ஊரில், வேறு சரிவுக்குக் கீழே இருக்கிற எவனாவது படிக்கட்டும். இந்த ஊருக்கு அது ஆகாது.

தையல்காரம்மா என் சட்டையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்க்கிறாள். நான் திரும்பப் போகிறேன். மேல் வரிசையிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பெரியவர் வந்திருக்கிறேன் என்று சொன்னால் இப்போது யாரும் எழுந்து வருவதில்லை. டாக்டர் வந்திருக்கிறேன் என்று கத்தித்தான் தட்டப் போகிறேன். சிரிப்பதற்காவது கதவைத் திறப்பார்கள்.